கடப்பா கல்லும் கறுப்பு கிரானைட்டும்: படிவுப் பாறையும் தீப்பாறையும் பிறக்கும் விதம்

சமையலறை மேடைக்குக் கல் வாங்கப் போகிறவருக்குக் கடைக்காரர் கறுப்பு நிறத்தில் இரண்டு பலகைகளைக் காட்டுவார். ஒன்று கடப்பா கல், விலை குறைவு. மற்றொன்று கறுப்பு கிரானைட், விலை அதிகம். மெருகேற்றி நிறுத்தியிருக்கும்போது இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். வீட்டுக்கு வந்த பிறகுதான் வேறுபாடு வெளிப்படும். எலுமிச்சைச் சாறு கடப்பா கல்லின் மீது சிந்திச் சற்று நேரம் நின்றுவிட்டால், அந்த இடத்தில் மெருகு போய் வெளிறிய தடம் விழுந்துவிடும். கறுப்பு கிரானைட் அதே சாற்றுக்கு எளிதில் அசைந்து கொடுக்காது.

இதற்குக் காரணம் ஒன்று தரமானது, மற்றது மட்டமானது என்பதன்று. கடப்பா கல் என்பது, ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஆந்திரப் பகுதியை மூடியிருந்த கடலின் அடியில் சுண்ணாம்புச் சேறாகப் படிந்து, மேலே படிந்தவற்றின் பாரத்தால் இறுகிய சுண்ணாம்புக்கல். கறுப்பு கிரானைட் என்று விற்கப்படுவது பெரும்பாலும், நிலத்தடியில் பிளவுகளுக்குள் ஏறிய உருகிய பாறைக்குழம்பு அங்கேயே குளிர்ந்து உறைந்த கல். முன்னது படிவுப் பாறை, பின்னது தீப்பாறை. இந்த இரண்டு சொற்களையும் ஆறாம் ஏழாம் வகுப்பிலேயே எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால் பேச்சில் அவை "எரிமலையிலிருந்து வந்த கெட்டிக் கல்", "மண் இறுகிய உதிரிக் கல்" என்று சுருங்கிவிட்டன. அந்தச் சுருக்கத்தில் பாதிக்கு மேல் தவறு. நிறம், எடை, கடினம் ஆகியவற்றை வைத்துப் பாறைகளைக் குடும்பம் பிரிப்பதில்லை. அவை எப்படி உருவாயின என்பதை வைத்தே பிரிக்கிறார்கள். உருவான விதமோ கல்லின் உள்ளமைப்பில் பதிந்து கிடக்கிறது.

முதலில் கனிமம்

பாறையைப் பற்றிப் பேசுவதற்கு முன் கனிமம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். குறிப்பிட்ட வேதிக் கலவையும், அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட அமைப்பும் உடைய, இயற்கையில் தோன்றிய திடப்பொருளே கனிமம். அந்த ஒழுங்கான அடுக்கு வளர்ந்து கண்ணுக்கோ நுண்ணோக்கிக்கோ தெரியும் அளவில் ஒரு துண்டாக நிற்கும்போது அதைப் படிகம் என்கிறோம். கனிமங்கள் பல சேர்ந்தது பாறை. சில வேளை ஒரே கனிமம் திரண்டும் பாறையாகும்.

சாம்பல் நிறக் கிரானைட் துண்டு ஒன்றை வெயிலில் திருப்பிப் பார்த்தால் இது உடனே விளங்கும். கண்ணாடிபோல மங்கலாக ஒளிரும் சாம்பல் புள்ளிகள் குவார்ட்ஸ். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ, தட்டையான முகங்களுடன் தெரிபவை ஃபெல்ட்ஸ்பார். நகத்தால் நெம்பினால் செதில் செதிலாகப் பெயர்ந்து மின்னுபவை மைக்கா, அதாவது நம் ஊரில் காக்காப்பொன் என்று சொல்வது. இந்த மூன்றில் குவார்ட்ஸையும் ஃபெல்ட்ஸ்பாரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தீப்பாறையிலிருந்து படிவுப் பாறைக்குப் போகும் வழி முழுவதும் அவை கூடவே வரும்.

கற்கண்டும் பொரி உருண்டையும்

இரண்டு குடும்பங்களின் உள்ளமைப்பையும் ஒரே பாகிலிருந்து விளக்கிவிடலாம். சர்க்கரைப் பாகை நூல் தொங்கவிட்டு அசையாமல் பல நாள் வைத்தால் கற்கண்டு விளைகிறது. அங்கே முன்பு திடமாக எதுவும் இல்லை. திரவத்திலிருந்தே படிகங்கள் முளைத்து, வளர வளர ஒன்றின் விளிம்பில் மற்றொன்று முட்டி, இடைவெளியில்லாமல் கோத்துக்கொள்கின்றன. பொரி உருண்டையில் நடப்பது வேறு. பொரி எங்கோ முன்பே பொரிந்தது. பாகு அந்தப் பொரிகளுக்கு இடையே புகுந்து ஒட்டவைக்கிறது, அவ்வளவே. உருண்டையை உடைத்துப் பார்த்தால் ஒவ்வொரு பொரியும் தன் பழைய வடிவத்தோடே இருக்கும்; நடுவே சிறு சிறு காற்று இடைவெளிகளும் இருக்கும்.

தீப்பாறை கற்கண்டு வகை. மணற்கல் போன்ற படிவுப் பாறை பொரி உருண்டை வகை. ஒரு கல்லை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்க்கும் நிலவியலாளர் முதலில் தேடுவது இந்த வேறுபாட்டைத்தான்: துகள்கள் ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கின்றனவா, அல்லது தனித்தனித் துகள்களை வேறொரு பொருள் ஒட்டவைத்திருக்கிறதா? ஒரு திருத்தம் மட்டும் சொல்லிவிட வேண்டும். சர்க்கரைப் பாகு நீரில் கரைந்த கரைசல். பாறைக்குழம்பு பாறையே உருகிய நிலை. ஆகவே பாறைக்குழம்பு உறைவதற்கு நீர் வற்ற வேண்டியதில்லை, வெப்பம் இறங்கினாலே போதும்.

குழம்பு எங்கிருந்து வருகிறது

நம் காலடியில் சில பத்துக் கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே எல்லாமே கொதிக்கும் குழம்பு என்றும், அது வெடிப்பு கிடைத்த இடத்தில் பீறிடுகிறது என்றும் பலர் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை பள்ளிப் புத்தகப் படங்களில் பூமியின் உட்பகுதியைச் சிவப்பு வண்ணத்தில் தீட்டியதால் வந்ததோ என்னவோ. உண்மையில் பூமியின் மேலோட்டுக்குக் கீழே சுமார் 2,900 கிலோமீட்டர் வரை உள்ள பகுதி, அதாவது கவசம், ஏறக்குறைய முழுவதும் திடமான பாறைதான். அது மிகக் கடுமையான வெப்பத்தில் இருந்தாலும், மேலிருந்து அழுத்தும் பாரம் அதை உருகவிடுவதில்லை.

அப்படியானால் குழம்பு உண்டாவதற்கு ஏதேனும் ஒன்று மாற வேண்டும். சூடான பாறை மேல்நோக்கி எழும்போது அழுத்தம் குறைந்து, வெப்பம் கூடாமலேயே அது உருகத் தொடங்கலாம். கடலடி மலைத்தொடர்களில் இதுவே நடக்கிறது. இரண்டாவதாக, கடலடித் தட்டு ஒன்று மற்றொரு தட்டின் கீழே சரியும்போது அதனுடன் போகும் நீர், மேலே உள்ள கவசப் பாறையின் உருகுநிலையைக் குறைத்துவிடுகிறது. இந்தியாவில் இன்றும் உயிர்ப்புடன் இருக்கும் ஒரே எரிமலையான அந்தமானின் பாரன் தீவு இவ்வகையில் பிறந்தது. மூன்றாவதாக, ஆழத்திலிருந்து ஏறிவந்த குழம்பு வழியில் உள்ள மேலோட்டுப் பாறையைச் சுட்டு உருக்கலாம்.

இவ்வாறு பாறை உருகி நிலத்தடியில் இருக்கும் வரை அது மாக்மா. நிலத்தின் மேல் வெளியேறிவிட்டால் லாவா. மாக்மாவில் பெரும்பகுதி மேலே வருவதேயில்லை. கிலோமீட்டர்க் கணக்கான ஆழத்திலேயே சிறைப்பட்டுக் குளிர்ந்துவிடுகிறது. கிரானைட் எரிமலை வாயிலிருந்து வழிந்த கல் என்று சொல்வது அதனால்தான் தவறு. எந்த எரிமலையும் கிரானைட்டைக் கக்கியதில்லை. கிரானைட் ஆழத்தில் உறைந்தது. அதை மூடியிருந்த கிலோமீட்டர்க் கணக்கான பாறையைக் கோடிக்கணக்கான ஆண்டுகளில் மழையும் ஆறும் அரித்துக் களைந்த பிறகே அது வெளியே தெரிகிறது.

குளிரும் வேகமே கல்லின் முகம்

இதையெல்லாம் இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பா இதற்காகப் பெரும் சண்டை போட்டது. ஜெர்மனியின் ஃப்ரைபெர்க் சுரங்கக் கல்விக்கூடத்தில் பாடம் நடத்திய ஆபிரகாம் வெர்னர், கிரானைட், பசால்ட் என்னும் பொடிப் படிகக் கரிய கல் உட்பட ஏறக்குறைய எல்லாப் பாறைகளும் பூமியை மூடியிருந்த ஆதிக் கடலின் நீரிலிருந்து படிந்தவை என்றார். ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஹட்டன் அதை மறுத்தார். 1785இல் கிளென் டில்ட் என்னும் பள்ளத்தாக்கில், பழைய பாறை அடுக்குகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கிரானைட் நரம்புகள் ஊடுருவிச் சென்றிருப்பதை அவர் கண்டார். முன்பே இருக்கும் திடப் பாறைக்குள் ஒரு பொருள் புகுந்து கிளை பரப்ப வேண்டுமானால் அது திரவமாக இருந்திருக்க வேண்டும், வெட்டப்பட்ட பாறையைவிட இளையதாகவும் இருந்திருக்க வேண்டும். கிரானைட்டே உலகின் முதற்படிவு என்ற கொள்கை அந்த நரம்புகளின் முன் நிற்கவில்லை.

வெர்னரின் பக்கத்தாரிடம் வலுவான மறுப்பு ஒன்று இருந்தது. பாறையை உலையில் உருக்கிக் குளிரவைத்தால் கண்ணாடிதான் கிடைக்கிறது; படிகங்கள் நிறைந்த கல் கிடைப்பதில்லையே, பிறகு எப்படி அது உருகிய நிலையிலிருந்து வந்திருக்கும்? நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தேடியவர் ஹட்டனின் நண்பர் ஜேம்ஸ் ஹால். எடின்பரோவைச் சுற்றிக் கிடைக்கும் கருமையான பசால்ட் வகைக் கல்லை இரும்பு வார்ப்பு உலையில் உருக்கி, விரைவாகக் குளிரவிட்டபோது அவருக்கும் கண்ணாடியே கிடைத்தது. அதையே மறுபடி உருக்கி, வெப்பத்தைச் சிறிது சிறிதாக இறக்கியபோது, படிகங்கள் நிறைந்த, தொடக்கத்தில் போட்ட கல்லை ஒத்த பொருள் கிடைத்தது. 1798இல் அவர் இதை அறிவித்தார். பொருள் ஒன்றே, குளிரும் வேகம் மாறியதால் கல்லே மாறிவிட்டது.

காரணம் எளியது. படிகம் வளர, உருகிய நிலையில் அலையும் அணுக்கள் ஏற்கெனவே முளைத்த படிகத்தின் பக்கம் நகர்ந்து, தமக்குரிய இடத்தில் அமர வேண்டும். அதற்கு அவகாசம் வேண்டும். பல கிலோமீட்டர் ஆழத்தில், சுற்றிலும் பாறையே போர்வையாக இருக்கும்போது மாக்மா குளிர்ந்து முடிய லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகலாம். படிகங்கள் மில்லிமீட்டர், சென்டிமீட்டர் அளவுக்கு வளர்ந்துவிடும். நிலத்தின் மேல் வழிந்த லாவா நாள் கணக்கிலோ ஆண்டுக் கணக்கிலோ உறைகிறது. படிகங்கள் பொடியாகவே நின்றுவிடுகின்றன. நீரில் விழுந்து சட்டென்று உறைந்தால் படிகமே தோன்றாமல் எரிமலைக் கண்ணாடியாகிவிடும். சில கற்களில் பொடித் தளத்தின் நடுவே ஓரிரு பெரிய படிகங்கள் பதிந்திருக்கும். அந்தக் குழம்பு ஆழத்தில் கொஞ்ச காலம் மெல்லக் குளிர்ந்துகொண்டிருந்துவிட்டு, பிறகு திடீரென மேலே வந்திருக்கிறது என்று பொருள்.

தீப்பாறையை வகைப்படுத்தும் இரண்டு கேள்விகள்

ஆகவே தீப்பாறைக்குப் பெயரிட இரண்டு கேள்விகள் போதும். படிகம் எவ்வளவு பெரியது? கல்லில் சிலிக்கா எவ்வளவு?

சிலிக்கா என்பது சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த கூட்டுப்பொருள். குவார்ட்ஸ் முழுக்க அதுவே. எடையில் ஏறக்குறைய 70 விழுக்காடு சிலிக்கா உள்ள குழம்பு ஆழத்தில் உறைந்தால் கிரானைட். அதே குழம்பு மேலே வந்து உறைந்தால் ரையோலைட். சிலிக்கா 50 விழுக்காட்டை ஒட்டி இருந்து, இரும்பும் மக்னீசியமும் மிகுந்த குழம்பு ஆழத்தில் உறைந்தால் காப்ரோ. மேலே உறைந்தால் பசால்ட். இவ்விரண்டுக்கும் நடுவே, அதிக ஆழமில்லாத பிளவுகளில் நடுத்தரப் படிகங்களுடன் உறைந்தது டாலரைட். கடையில் கறுப்பு கிரானைட் என்ற பெயரில் நிற்பது பெரும்பாலும் இந்த டாலரைட்டோ காப்ரோவோதான். தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கங்களில் இந்தக் கறுப்புக் கல் பழைய பாறைகளைக் கீறிக்கொண்டு நீண்ட சுவர்கள்போல ஓடுகிறது. குவாரிகள் அந்தச் சுவர்களைத் தொடர்ந்தே போகின்றன. வணிகத்தில் மெருகேறும் கெட்டிக் கல் எல்லாம் கிரானைட் ஆகிவிட்டதைக் குறை சொல்வதில் பயனில்லை. ஆனால் அந்தப் பெயரைக் கொண்டு கல்லின் பிறப்பைக் கணிக்க முடியாது என்பதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

சிலிக்கா அளவு வெறும் வேதிக் கணக்கன்று. குழம்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் அதுவே முடிவுசெய்கிறது. சிலிக்கா மிகுந்த குழம்பு பிசுபிசுத்து நகர மறுக்கும். சிலிக்கா குறைந்த பசால்ட் குழம்பு 1,100 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் இளகி வெகுதூரம் ஓடும். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மகாராட்டிரத்தையும் சுற்றுப்புறத்தையும் மூடிய தக்காண லாவா இந்த வகை. இன்று எஞ்சியிருக்கும் பரப்பே சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர். அஜந்தா, எல்லோரா குகைகள் குடையப்பட்டது இந்தப் பசால்ட்டில்தான்.

இதுவரை சொன்னதன் சாரம்: உருகிய பாறை உறைந்து, படிகங்கள் ஒன்றோடொன்று கோத்து உண்டானது தீப்பாறை. ஆழத்தில் உறைந்ததா மேலே உறைந்ததா என்பதைப் படிகத்தின் அளவு சொல்லும். எந்த வகைக் குழம்பு என்பதைக் கனிமங்கள் சொல்லும்.

மலை மணலாவது

ஆழத்தின் வெப்பத்தில் பிறந்த கனிமங்கள் நிலத்தின் மேல், மழையும் காற்றும் படும் இடத்தில், நிலையாக இருக்க இயலாதவை. அதிலும் எல்லாம் ஒரே வேகத்தில் சிதைவதில்லை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அந்நீர் ஃபெல்ட்ஸ்பாரை மெல்ல மெல்லக் களிமண்ணாக மாற்றிவிடும். குவார்ட்ஸ் மட்டும் ஏறக்குறைய அப்படியே நிற்கும். சுற்றியிருந்த ஃபெல்ட்ஸ்பார் குழைந்துபோனதும் குவார்ட்ஸ் துகள்கள் உதிர்கின்றன. ஆற்று மணலை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தால் பெரும்பாலான துகள்கள் ஏன் குவார்ட்ஸாகவே இருக்கின்றன என்பதற்கும், வயல்களில் களிமண் எங்கிருந்து வந்தது என்பதற்கும் விடை ஒன்றே: ஒரே மலையின் இரண்டு கனிமங்கள் இரண்டு வழியில் பிரிந்து போயின.

ஆறு இந்தப் பிரிவினையை மேலும் கூட்டுகிறது. வேகமாக ஓடும் இடத்தில் அது கூழாங்கற்களைக்கூட உருட்டிச் செல்லும். வேகம் குறைந்ததும் பெரியவற்றை முதலில் போட்டுவிடும்; அடுத்து மணல்; நீர் ஏறக்குறைய நின்றுவிட்ட இடத்தில்தான் களிமண் படியும். கடல் அலைகள் எடைவாரியாகவும் சலிக்கின்றன. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பும் சிவப்புமாக மணல் பட்டைகள் ஒதுங்கிக் கிடப்பது இதனால்தான்: கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். மலைப் பாறைகளில் சிறுபான்மையாக இருந்த கனமான இந்தக் கனிமங்களை விட்டுவிட்டு, இலேசான குவார்ட்ஸை அலை வாரிக்கொண்டு போய்விடுகிறது.

மணல் கல்லாவது

படிந்த மணல் தானாகக் கல்லாகிவிடாது. கடற்கரை மணலை எத்தனை காலம் வெயிலில் விட்டாலும் மணலாகவே இருக்கும். இரண்டு நிகழ்வுகள் தேவை. முதலாவது, மேலே மேலே படியும் வண்டலின் பாரத்தால் துகள்கள் நெருங்கி, இடையிலுள்ள நீர் பிழியப்படுவது. சேறு இதனாலேயே பெரிதும் சுருங்கி இறுகிவிடும். மணல் அவ்வளவு சுருங்காது. இரண்டாவது, நிலத்தடி நீர் துகள்களின் இடைவெளிகளில் ஊடுருவும்போது, அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்போ சிலிக்காவோ இரும்பு ஆக்சைடோ அங்கே படிந்து ஒட்டவைப்பது. இந்த ஒட்டுப்பொருளைச் சிமென்ட் என்றே நிலவியலிலும் அழைக்கிறார்கள். இது ஆழத்தில் நடப்பது உண்மையே; ஆனாலும் உருகும் வெப்பத்துக்கு வெகு கீழே, பொதுவாக 200 டிகிரிக்கும் குறைவான வெப்பத்தில் நடப்பது. அதைத் தாண்டினால் கனிமங்களே மாறத் தொடங்கி, மூன்றாவது குடும்பமான உருமாறிய பாறைக்குள் கல் நுழைந்துவிடும்.

படிவுப் பாறை உறுதியற்றது என்ற எண்ணம் இங்கே அடிபடுகிறது. உறுதி, சிமென்ட்டைப் பொறுத்தது. சுண்ணாம்பு அரைகுறையாக ஒட்டிய மணற்கல் விரலால் தேய்த்தாலே உதிரும். சிலிக்கா முழுமையாக ஒட்டிய மணற்கல்லில் கத்தி கீறாது. கர்நாடகத்தின் பாதாமி குடைவரைகள் செம்மணற்கல்லில் வெட்டப்பட்டவை. அங்குள்ள மூன்றாம் குகையின் கல்வெட்டு 578ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சிற்பங்களின் நகைகளும் ஆடை மடிப்புகளும் இன்றும் கூர்மையாகவே நிற்கின்றன.

படிவுப் பாறையின் வகைகள்

தீப்பாறைக்கு இரண்டு கேள்விகள் போதும் என்றோம். படிவுப் பாறைக்கு முதலில் கேட்க வேண்டியது, படிந்தது என்ன என்பது.

உடைந்த துகள்களே படிந்திருந்தால் துகளின் அளவைக் கொண்டு பெயர் வைக்கிறார்கள். 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட உருண்டைக் கற்கள் ஒட்டியது கூழாங்கல் திரள்பாறை. 2 மில்லிமீட்டரிலிருந்து அதன் 32இல் ஒரு பங்கு வரை உள்ள துகள்கள் மணல். அவை ஒட்டியது மணற்கல். அதற்கும் நுண்ணியது வண்டற்கல். இன்னும் நுண்ணிய களிமண் இறுகித் தகடு தகடாகப் பிளப்பது ஷேல். 1922இல் செஸ்டர் வென்ட்வொர்த் ஒழுங்குபடுத்திய இந்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தீப்பாறையிலும் துகள் அளவைப் பார்த்தோம், இங்கேயும் பார்க்கிறோம். ஆனால் பொருள் வேறு. அங்கே அது குளிரும் வேகத்தின் அடையாளம். இங்கே அது நீரோட்ட வேகத்தின் அடையாளம்.

நீரில் கரைந்திருந்தவை படிந்திருந்தால் அது வேதிப் படிவு. தூத்துக்குடி உப்பளங்களில் ஆண்டுதோறும் நடப்பது இதுதான்: கடல்நீர் வற்ற வற்ற முதலில் ஜிப்சம் படிகிறது, பிறகே உப்பு. இதே ஒழுங்கில் பழைய கடல்கள் வற்றிய இடங்களில் ஜிப்சமும் பாறை உப்பும் தடித்த அடுக்குகளாகக் கிடக்கின்றன.

மூன்றாவது வகை உயிர்களின் கைவண்ணம். கடல் உயிர்கள் நீரிலுள்ள சுண்ணாம்பை எடுத்து ஓடுகளையும் கூடுகளையும் கட்டுகின்றன. அவை மடிந்து குவிந்ததே பெரும்பாலான சுண்ணாம்புக்கல். அரியலூர் மாவட்டத்தில் இதைக் கைக்கெட்டும் தூரத்தில் காணலாம். டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்தில் கடல் அங்கே வரை வந்திருந்தது. கல்லங்குறிச்சிப் பகுதிச் சுரங்கங்களின் சுவரில், உள்ளங்கை அளவுள்ள தடித்த சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காகப் புதைந்து கிடக்கின்றன. சுவரே சிப்பியால் கட்டியதுபோலத்தான் இருக்கும். அரியலூரைச் சுற்றிச் சிமென்ட் ஆலைகள் வந்ததற்கு இந்தக் கடலே காரணம். தாவரங்கள் சதுப்பில் புதைந்து இறுகினால் நிலக்கரி. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி அந்த வழியின் இடைநிலை.

சுருக்கமாக: துகள், கரைசல், உயிர் என்று படிவுப் பாறைக்கு மூன்று மூலங்கள். கடப்பா கல் சுண்ணாம்பு வகை என்பதால்தான் எலுமிச்சையின் அமிலம் அதைத் தின்கிறது.

அடுக்கைப் பார்த்து ஏமாறுவது

அடுக்கு இருந்தால் படிவுப் பாறை என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் மும்பைக்கும் புணேக்கும் இடையே ரயிலில் போகிறவர்கள் மலைச் சரிவுகள் படிப்படியாக ஏறுவதைப் பார்த்திருப்பார்கள். அவை படிவுகளல்ல, ஒன்றன்மேல் ஒன்றாக வழிந்து உறைந்த லாவா ஓட்டங்கள். ஒவ்வோர் ஓட்டத்தின் மேற்பகுதியிலும், தப்பித்த வாயுக் குமிழிகள் விட்டுப்போன துளைகள் இருக்கும். சில துளைகளில் பின்னாளில் வெள்ளைப் படிகங்கள் விளைந்திருக்கும். சில ஓட்டங்களுக்கு இடையே செம்மண் பட்டையும், அபூர்வமாக நன்னீர் நத்தைகளின் புதைபடிவங்களும் கிடைக்கின்றன. ஒரு லாவா ஓட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையே மண் உண்டாகவும் குளம் கட்டவும் காலம் இருந்திருக்கிறது. ஆக, அடுக்குகளைக் கண்டால் அவை எதனால் ஆனவை என்று அடுத்த கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

புதைபடிவம் இதைவிட நம்பத்தக்க சான்று. உருகிய குழம்புக்குள் சிப்பியோ இலையோ தப்பிப்பதில்லை. வைணவர்கள் வழிபடும் சாளக்கிராமக் கல்லுக்குள் இருக்கும் சுருள், கண்டகி ஆற்றுப் பகுதியின் படிவுப் பாறையில் புதைந்த அம்மோனைட் என்னும் கடல் உயிரின் ஓடு. இமயமலையின் அந்தப் பகுதி ஒரு காலத்தில் கடலடியாக இருந்தது என்பதற்கு அந்தச் சுருளே போதும்.

கிணற்றில் தெரியும் வேறுபாடு

இந்த வகைப்பாடு புத்தகத்தோடு நிற்பதில்லை. குடிநீரிலும் வந்து நிற்கிறது. தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ 73 விழுக்காடு கடினப் பாறைப் பகுதி, அதாவது படிகங்கள் கோத்துக் கிடக்கும் பழைய தீப்பாறையும் உருமாறிய பாறையும். கோத்த படிகங்களுக்கு இடையே நீர் தங்க இடமில்லை; பாறை வெடித்த விரிசல்களில் மட்டுமே நீர் இருக்கும். ஆகவே ஒரு வீட்டில் ஆழ்துளைக் கிணறு நீர் தர, அடுத்த வீட்டில் அதைவிட ஆழமாகத் துளைத்தும் வெறும் புழுதி பறக்கலாம். மாறாக, கடலூர் மணற்கல் அடுக்கில் துகள்களின் இடைவெளியெங்கும் நீர் நிறைந்திருக்கிறது. நெய்வேலியில் நிலக்கரி எடுக்க வேண்டுமானால் அடியிலிருந்து அழுத்தத்துடன் மேலெழும் அந்த நீரை ஓயாமல் இறைக்க வேண்டியிருக்கிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கதை மூன்றாவது விதம். அங்கே அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதைக் கரைத்துக் குகைகளையும் வழிகளையும் உண்டாக்கியிருக்கிறது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லாத அந்த நிலத்தில் தோட்டங்கள் செழிப்பது இந்தக் கல்லுக்குள் தங்கும் நன்னீரால்தான். நிலாவரைக் கிணறு அத்தகைய குழிவு ஒன்றின் வாயே. அதே வழிகள் உரத்தையும் கழிவுநீரையும் வடிகட்டாமல் விரைவாகக் கீழே கொண்டுபோய்விடுகின்றன என்பது மறுபக்கம்.

எல்லையில் நிற்பவை

எல்லாக் கல்லும் இரண்டில் ஒரு பெட்டியில் அடங்கிவிடாது. எரிமலை வெடித்துச் சிதறிய சாம்பல் காற்றில் மிதந்து, நிலத்திலோ ஏரியிலோ அடுக்காகப் படிந்து இறுகினால் கிடைப்பது டஃப். பொருள் தீப்பாறையினுடையது; படிந்த விதம் படிவுப் பாறையினுடையது. பெரும்பாலோர் அதைத் தீப்பாறைப் பக்கம் சேர்க்கிறார்கள். நீர் அதை அடித்துச் சென்று மறுபடி படியவைத்திருந்தால் படிவுப் பக்கம்.

இன்னும் சிக்கலான ஒன்று சென்னையிலேயே இருக்கிறது. பரங்கிமலை, பல்லாவரம் பகுதிகளில் எண்ணெய் தடவியதுபோலக் கருநீலமாக மின்னும் கல்லை 1893இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து ஆராய்ந்தார். கல்கத்தாவில், அந்நகரை நிறுவியவராகச் சொல்லப்படும் ஆங்கிலேயர் ஜாப் சார்னாக்கின் கல்லறைப் பலகையும் அதே கல்லே என்பதால் அதற்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். படிகங்கள் பெரியவை, நன்றாகக் கோத்தவை, குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் உள்ளவை. ஆகவே அது மாக்மாவிலிருந்து உறைந்த தீப்பாறை என்றே அவர் கொண்டார். அதில் உள்ள ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமம் நீர் மிகக் குறைந்த, மிகுந்த வெப்பமுள்ள சூழலில் மட்டுமே உண்டாவது. அத்தகைய சூழல் மாக்மாவிலும் இருக்கலாம். மேலோட்டின் அடியாழத்தில் பழைய பாறைகள் உருகாமலேயே உருமாறும்போதும் இருக்கலாம். பின்வந்த ஆய்வாளர்கள் தமிழகச் சார்னோக்கைட்டில் பெரும்பகுதியை உருமாறிய பாறையாகவே கருதுகிறார்கள். சில இடங்களில் அது தீப்பாறையாகவும் பிறந்திருக்கிறது. ஒரே தோற்றம், இரண்டு பிறப்பு. கையில் எடுத்த துண்டை மட்டும் பார்த்து இவற்றைப் பிரித்துவிட முடியாது. அது சுற்றியுள்ள பாறையோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது, வெட்டிக்கொண்டு போகிறதா, படிப்படியாகக் கலந்து மறைகிறதா என்று அந்த மலைக்கே போய்த்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.